கூண்டு மூடிய துண்டு

செல்லதுரையைக் கேலி செய்ய ஊருக்கு ஒரே ஒரு விஷயம்தான் கிடைத்திருந்தது. அதை வைத்தே ஒன்பது வருஷமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் எலியைக் கொல்கிறவர், ஒன்பது மணிக்கு எலிக்குத் தீனி போடுகிறவர். எமனும் இவர்தான், செவிலித்தாயும் இவர்தான் என்று டீக்கடையில் யாராவது ஆரம்பிப்பார்கள். செல்லதுரையும் கூடச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புவார். இரண்டும் உண்மை என்னும்போது கோபப்பட என்ன இருக்கிறது?

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், புதாறு என்கிற கால்வாயின் பாசனத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர். அவருடைய அப்பா இன்னொருவருக்குக் கூலியாக உழைத்த அதே நிலம்தான். இன்றைக்குப் பட்டா செல்லதுரை பேரில் இருக்கிறது. பயிர் தூர் கட்டிக் கதிர் பிடிக்கும் சமயத்தில் எலி இறங்கினால், வயல் நடுவே பாய் விரித்த மாதிரி வெட்டிச் சாய்த்துவிடும். அதற்குத்தான் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டி, உள்ளே வறுத்த நெல்லைப் போட்டுச் சாயங்காலம் வரப்போரம் நட்டுவிட்டு வந்தால், நெல்லைத் தொட்ட எலியின் கழுத்தில் கயிறு இறங்கிவிடும். விடிந்ததும் செத்த எலியைத் துண்டால் பிடித்து உருவிப் போட்டுவிட்டு, துண்டை வாய்க்காலில் அலசித் தோளில் போட்டுக்கொள்வார். சுற்றுவட்டாரத்தில் அவர் மாதிரி கிட்டி வைக்க ஆளில்லை. நாற்பது வைத்தால் முப்பதில் எலி இருக்கும். அந்தப் பெருமையை அவர் வெளியில் காட்டிக்கொள்வதில்லை, ஆனால் உள்ளுக்குள் நிறையவே இருந்தது.

பகல் வேலை தஞ்சாவூருக்கு வெளியே ஒரு மருந்தியல் கல்லூரியில். மனநோய்க்குப் புது மருந்து கண்டுபிடிப்பதற்காக அங்கே வெள்ளெலிகளை வைத்திருந்தார்கள். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி போடுவது, சோதனை அறைக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் செல்லதுரையின் பொறுப்பு. வேலையில் சேர்ந்த அன்றைக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வெளியில் எலி, முயல் எதையும் வளர்க்கவோ கையாளவோ கூடாது என்று அதில் போட்டிருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். வயல் எலியை யார் வளர்க்கிறார்கள்? அது தானாக வருகிறது, தானாக மாட்டுகிறது. அந்தத் தாளுக்கும் கிட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடி பார்த்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். மற்றபடி சுத்தத்தில் குறை வைக்கமாட்டார். கல்லூரிக்குப் போவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்து, அங்கே போய் உடுப்பை மாற்றி, கையுறை, தொப்பி எல்லாம் மாட்டிக்கொள்வார். துண்டு மட்டும் கூடவே இருக்கும். துண்டில்லாமல் அவருக்கு நடக்கவே வராது.

அவர் அந்த வேலையில் இவ்வளவு பிடிப்பாக இருந்ததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. மனைவி பொன்னுத்தாய் ஒரு காலத்தில் நடவு வயலில் முப்பது பேரை வேலை வாங்கியவள். கஜா புயலில் தலைக்கு மேலிருந்த ஓட்டுக்கூரை பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து அவளுக்குக் காற்று என்றாலே ஆகாமல் போய்விட்டது. தென்னை மட்டை அசைந்தால் போதும், உள் அறையில் போய்க் கதவுக்குப் பின்னால் குந்திக்கொள்வாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பயம் குறைந்தது, கூடவே பொன்னுத்தாயும் குறைந்துபோனாள். பாதி நாள் தூக்கம், மீதி நாள் மயக்கம், சிரிப்பு என்பதே இல்லை. அளவைக் குறைத்தால் பயம் திரும்பி வந்தது. டாக்டர் மருந்தை இரண்டு முறை மாற்றியும் பார்த்துவிட்டார். பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவைக்கிற ஒரு மாத்திரை இந்த உலகத்தில் கிடையாதா என்று செல்லதுரை கூண்டு கழுவும்போதெல்லாம் நினைப்பார்.

கல்லூரியில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள் ஷமீரா. நாகப்பட்டினத்துப் பெண், பேராசிரியை அனுராதாவிடம் நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். செல்லதுரையை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் கையில் இருந்த மருந்துக்கு எழுபத்தொன்று என்று பெயர். அதற்கு முன்னால் எழுபது தோற்றுவிட்டன என்று அர்த்தம்.

சோதனை பார்ப்பதற்குச் சின்னதுதான். இடுப்பளவு உயரத்தில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பலகை. எதிரெதிரான இரண்டு கைகளுக்குப் பக்கச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவெளி. நடுவில் எலியை விட்டால் மேலேயிருந்து கேமரா ஐந்து நிமிஷம் பார்க்கும். பயந்த எலி சுவருக்குள் ஒடுங்கிக்கொள்ளும். பயமில்லாதது திறந்த பலகையின் நுனிவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்பது கடைசிவரை ஷமீராவுக்கே தெரியாது. கூண்டில் நிறப்புள்ளி மட்டும் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் அனுராதா உறையைப் பிரித்துச் சொல்வார்.

மார்கழியில் முதல் சோதனை நடந்தது. எலிக்கூடத்திலிருந்து சோதனை அறைக்கு வெயில் விழுகிற ஒரு தாழ்வாரத்தைத் தாண்ட வேண்டும். வெள்ளெலியின் சிவந்த கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது. கூண்டை மூடுகிற துணி கிழிந்துபோய், கேட்ட புதுத் துணி வந்தபாடில்லை. செல்லதுரை பரிதாபப்பட்டுத் தன் துண்டை எடுத்துப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார். மருந்து கொடுத்தபின் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரைமணியும் துண்டு கூண்டின் மேலேயே கிடக்கும். அதை யாரும் கவனிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்ல மனசோடு செய்த காரியத்தை யார் போய் அறிவிப்புச் செய்துகொண்டிருப்பார்கள்?

முடிவு பிரமாதமாக வந்தது. தண்ணீர் குடித்த எலிகள் சுவரை விட்டு நகரவே இல்லை. எழுபத்தொன்று குடித்தவை திறந்தவெளியில் உலாவின. அனுராதா அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு தடவை வந்ததை வைத்து அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது, மறுபடியும் அதே மாதிரி வர வேண்டும் என்பது விதி. சித்திரையில் மறுபடி செய்தார்கள். மருந்து குடித்தவையும் உலாவின, தண்ணீர் குடித்தவையும் உலாவின. இரண்டுக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை.

ஷமீராவின் முகத்தை அன்றைக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தீனி மாறியதா, உமி மாறியதா, விளக்கு மாறியதா, ஏசி மாறியதா என்று அவள் ஒவ்வொன்றாகத் துருவினாள். செல்லதுரையிடமும் கேட்டாள். எதுவும் மாறவில்லை என்று அவர் மனசாரச் சொன்னார். ஆடியில் மூன்றாவது தடவை செய்து பார்ப்பது, அதிலும் வராவிட்டால் எழுபத்தொன்றை மூடிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று.

ஆடியில் குறுவை தூர் கட்டியிருந்தது. செல்லதுரை மறுபடி கிட்டி வைக்க ஆரம்பித்திருந்தார். திங்கட்கிழமை சோதனை, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு கூண்டுகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அதற்குள் புதுத் துணி ஒன்றே ஒன்று வந்து சேர்ந்திருந்தது. ஒரு கூண்டை அதைக் கொண்டு மூடினார், இன்னொன்றை வழக்கம்போலத் தன் துண்டால் மூடினார். அரைமணி கழித்து இரண்டையும் திறந்தார்.

புதுத் துணிக் கூண்டில் எலிகள் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. துண்டுக் கூண்டில் நாலும் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, மயிர் சிலிர்த்துக் கிடந்தன. மார்கழியில் இதே காட்சியை அவர் தினம் பார்த்திருக்கிறார். குளிருக்கு ஒண்டுகின்றன என்று நினைத்திருந்தார். இது ஆடி மாசம். எந்தக் குளிருக்கு ஒண்டுகின்றன?

செல்லதுரை கையிலிருந்த துண்டை முகர்ந்து பார்த்தார். அன்று விடிகாலையில்தான், எலி செத்த கிட்டிகளை வைக்கோல் புகையில் காட்டிக்கொண்டிருந்தார். புகை காட்டாமல் வைத்தால் செத்ததின் வாடைக்கு மூன்று நாளைக்கு ஓர் எலியும் கிட்டே வராது. கிட்டி வைக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே, பிறந்ததிலிருந்து வயலையே பார்க்காத இந்த வெள்ளெலிகளுக்கும் அதே மூக்குதான் இருக்கும் என்று ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவர் நினைத்ததில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் மனசுக்குள் கொட்டு அடித்தது. சொன்னால் கையெழுத்துப் போட்ட தாள் வெளியே வரும், வேலை போகும். போதாததற்கு மார்கழியில் வந்த நல்ல முடிவும் கெட்டுப்போகும். சொல்லாமல் இருந்தால்? திங்கட்கிழமையும் துண்டைப் போர்த்தினால் போதும். எலிகள் பயப்படும், மருந்து குடித்தவை வெளியே வரும், ஷமீரா ஜெயிப்பாள், எழுபத்தொன்று பிழைக்கும். ஒருநாள் அது பொன்னுத்தாய்க்கே வந்து சேரலாம். வாயைத் திறக்காமல் இருப்பதில் இத்தனை பேருக்கு நன்மை இருக்கும்போது திறந்துதான் ஆகணுமா என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பதில் வேண்டாத கேள்வி அது என்று நினைத்துக்கொண்டு கேட்டார்.

ஞாயிறு மத்தியானம் ஆடிக்காற்று பிய்த்து எடுத்தது. பொன்னுத்தாய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். செல்லதுரையும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கல்லூரியில் புது மருந்து ஒன்று பார்க்கிறார்கள் என்று பேச்சுக்கு ஆரம்பித்தார். அவள் கண்ணைப் பாதி மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, இந்த மாத்திரையவும் யாரோ இப்படித்தான பார்த்திருப்பாங்க? ஆளு இப்படி ஆயிடும்னு அப்பவே ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்காதா? தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டாங்களா?"

அப்படியெல்லாம் இருக்காது, டாக்டர்தான் முதல்லயே தூக்கம் வரும் என்று சொன்னாரே என்று செல்லதுரை சமாதானம் சொன்னார். அவள் அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை ஷமீரா வருவதற்கு முன்பே போய் அறை வாசலில் நின்றுகொண்டார்.

"ஷமீராம்மா, மார்கழியில எலிங்க பயந்தது என்னாலதான்" என்றார்.

கிட்டி, துண்டு, புகை எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: சித்திரையிலும் இதே துண்டுதானா?

"துண்டு இதேதான். ஆனா அப்ப வயல்ல பயிரு இல்லீங்களே. கிட்டிய எடுத்துப் பரண்ல போட்டாச்சு."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா, நாலு வருஷம் அண்ணே, நாலு வருஷம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். செல்லதுரை தாழ்வாரத்திலேயே நின்றார். போகச் சொன்னால் போய்விடலாம். போகச் சொல்லவும் இல்லை.

கால் மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கோபம் போகவில்லை, ஆனால் கண்ணில் வேறு ஏதோ சேர்ந்திருந்தது. "அந்தத் துண்ட எங்கிட்ட குடுங்கண்ணே" என்றாள். வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அவரையும் கூட்டிக்கொண்டு அனுராதாவின் அறைக்குப் போனாள்.

அனுராதா குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அதனால்தான் அவரிடம் எல்லாருக்கும் பயம். கோப்பிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துச் செல்லதுரைக்கு முன்னால் வைத்தார். இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். ஆமாங்க என்றார் செல்லதுரை. இன்றைக்கே எலிக்கூடத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும், மற்றதைக் குழு முடிவு செய்யும், மார்கழி முடிவு செல்லாது என்று ஷமீரா நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் அனுராதா.

அப்போதுதான் ஷமீரா பேசினாள். செல்லாது என்று தாராளமாக எழுதலாம் மேடம், ஆனால் இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றாள். மார்கழியில் எலிகளுக்கு உண்மையான பயம் இருந்தது. எழுபத்தொன்று அதை எடுத்தது. சித்திரையில் பயமே இல்லை. எழுபத்தொன்று எதையும் செய்யவில்லை. மயக்கவில்லை, முறுக்கேற்றவில்லை, சும்மா இருந்தது. "பயம் இருக்குற எடத்துல மட்டும் வேலை செய்யுற மருந்தா இது இருந்தா?" என்றாள்.

"அப்படி இருக்கணும்னு நீ ஆசைப்படுற. இருக்கான்னு பாரு" என்றார் அனுராதா.

விலங்குச் சோதனைகளுக்கு அனுமதி தரும் குழு மூன்று வாரம் யோசித்தது. அந்த மூன்று வாரமும் செல்லதுரை கல்லூரித் தோட்டத்தில் புல் வெட்டினார். பிறகு அனுமதி வந்தது. எலிகள் நாலு கூட்டம். இரண்டு கூட்டத்தின் கூண்டுக்குச் சுத்தமான துணி, இரண்டுக்குக் கிட்டியில் செத்த எலியைப் பிடித்த துணி. ஒவ்வொரு வகைத் துணியிலும் ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்குத் தண்ணீர். அந்தத் துணிக்கு எங்கே போவது? எலியைத் தொடாதே என்று கையெழுத்து வாங்கிய அதே அலுவலகம், சோதனை முடியும்வரை தினமும் கிட்டி வைத்துத் துணி கொண்டுவந்து தருமாறு செல்லதுரைக்கு முத்திரை குத்தி ஒரு கடிதம் கொடுத்தது. டீக்கடையில் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி உயிரை வாங்கினார்கள். எமனுக்கு அரசாணை வந்துவிட்டது என்றார்கள்.

வாசலிலேயே துணியைக் கொடுத்துவிட்டு அவர் திரும்பிவிட வேண்டும். கடைசி நாள் மட்டும், வெளியே இருக்கிற திரையில் பார்த்துக்கொள்ள ஷமீரா அனுமதி வாங்கித் தந்தாள். சிவப்புப் புள்ளிக் கூண்டிலிருந்து ஓர் எலியை விட்டாள். அது கிட்டித் துணி போட்ட கூண்டு என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள். மருந்தா தண்ணீரா என்று யாருக்கும் தெரியாது. எலி சுவருக்குள் ஓடியது. ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு தலையை நீட்டியது, உள்ளே இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. அப்புறம் மெல்ல, வயிறு பலகையில் படப் படத் திறந்தவெளிக்கு வந்து, நுனிவரை போய்க் கீழே எட்டிப் பார்த்தது. செல்லதுரை தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆயிரக்கணக்கில் எலியைக் கொன்றவர், சோதனை முடிந்ததும் இந்த எலிக்கும் என்ன நடக்கும் என்று தெரிந்தவர். ஆனாலும் அந்த ஓர் எலி திரும்பிப் போய்விடக் கூடாதே என்று அவர் வேண்டிக்கொண்டார்.

உறையை ஆவணியில் ஒரு வியாழக்கிழமை பிரித்தார்கள். சிவப்புப் புள்ளி, மருந்து. கிட்டித் துணிக்குப் பயந்து ஒடுங்கியவை எல்லாம் தண்ணீர் குடித்தவை. அனுராதா அட்டவணையை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுபத்தொன்று அடுத்த கட்டத்துக்குப் போகட்டும் என்றார். செல்லதுரையின் விஷயத்தையும் குழு அன்றைக்கே முடித்துவிட்டது. தானாக வந்து சொன்னவர் என்பதால் வேலை உண்டு. ஆனால் கிட்டி, எலிக்கூடம் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அவர் அன்று சாயங்காலமே நாற்பது கிட்டியையும் மச்சான் செழியன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டார். கிட்டி வைப்பதில் அந்த வட்டாரத்தில் இனி முதல் கை அவர் இல்லை.

வீட்டில் பொன்னுத்தாய் விழித்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். இன்னும் வேறு விலங்குகளில் பார்க்க வேண்டும், அப்புறம் மனுஷரிடம் பார்க்க வேண்டும், பத்து வருஷம் ஆகலாம், நடுவிலே தோற்றும் போகலாம் என்று ஷமீரா சொன்னதையும் விடாமல் சொன்னார். பொய்யாக ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவள் எல்லாம் கேட்டுவிட்டு, எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

"அந்த எலியெல்லாம் முழிச்சிக்கிட்டிருந்துச்சா?"

தாமே இதைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று செல்லதுரைக்கு வெட்கமாக இருந்தது. ஷமீராவுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, போனைப் பொன்னுத்தாயின் கையில் கொடுத்தார்.

"நல்லா முழிச்சிக்கிட்டுதான்க்கா இருந்துச்சு" என்றது ஷமீராவின் குரல். "எவ்வளவு தூரம் நடக்குதுன்னு தனியா அளந்து பார்த்தோம். மருந்து குடிக்காத எலி எவ்வளவு நடந்துச்சோ, அவ்வளவு நடந்துச்சு. ஒண்ணுகூடத் தூங்கி வழியல."

அக்கா, கேக்குதா என்று ஷமீரா இரண்டு தடவை கேட்டாள். செல்லதுரை போனை வாங்கக் கையை நீட்டினார். பொன்னுத்தாய் தரவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேக்குதும்மா. இன்னும் கொஞ்சம் சொல்லு" என்றாள்.